நன்றியுரையின் கடைசி வரியிலிருந்து ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் வெளிநாட்டு உதவித்தொகை பற்றி வரும் அறிவிப்புகளைக் கத்தரித்து, குன்னூர் பெட்போர்டில் இருக்கும் என் தட்டச்சு நிலையத்துச் சுவரில் ஒட்டி வைப்பது என் பழக்கம். நிலையம் என்று சொல்வது இப்போது கொஞ்சம் அதிகப்படி. ஒரு கணினி, ஒரு பிரின்டர், மூலையில் உறை போட்டு மூடிய இரண்டு ரெமிங்டன், அவ்வளவுதான். ஆனாலும் பிள்ளைகள் வந்து அந்தச் சுவரைப் படித்துவிட்டுப் போகிறார்கள். சென்ற மாதம் ஒரு பெண் அதன் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, "எல்லாம் இருக்கு டீச்சர், எனக்குத்தான் இல்ல" என்றாள். இலங்கைக்கு ஆறு மாதம் ஆராய்ச்சிக்குப் போக அவளுக்கு ஏற்ற உதவித்தொகை ஒன்றும் இல்லை. அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். கடிதம் நீளும். வெட்டிப் போட்டாலும் வருத்தமில்லை. எதை வெட்டுகிறீர்கள் என்பதை மட்டும் பார்த்து வெட்டுங்கள்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். 1958இல் இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். 1964இன் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று எண்ணி ஒதுக்கிய 5,25,000 பேரில் எங்கள் வீட்டு ஆறு பேரும் அடக்கம். 1973இல் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, நீலகிரிக்கு வந்து சேர்ந்தோம். அப்பாவும் அம்மாவும் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்தார்கள். நான் ஆங்கிலத்திலும் தமிழிலும் டைப்பிங் லோயர், ஹையர் முடித்து, 1981இல் கடன் வாங்கி ஒரு இயந்திரம் போட்டேன். வக்கீல் நோட்டீஸ், எஸ்டேட் கணக்கு, தாசில்தாருக்கு மனு என்று போய்க்கொண்டிருந்தது. 1984இல் ஒரு கல்லூரி ஆசிரியர் தம் ஆய்வேட்டைக் கொண்டுவந்தார். நானூறு பக்கம். அசல் ஒன்று, கார்பன் நகல் நான்கு. ஒரு எழுத்து பிசகினால் ஐந்து தாளிலும் அழித்துத் திருத்த வேண்டும். அன்றிலிருந்து இந்த மலையில் முனைவர் பட்டம் வாங்கியவர்களில் பாதிப் பேராவது என் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து பிழை பார்த்தவர்கள்.

ஆய்வேட்டில் எனக்குப் பிடித்த பக்கம் நன்றியுரை. மற்றப் பக்கங்கள் எனக்குப் புரிந்தும் புரியாமலும் போகும். இது மட்டும் முழுக்கப் புரியும். அதற்கு ஓர் அடுக்கு உண்டு. முதலில் துணைவேந்தர், பிறகு பதிவாளர், கல்லூரிச் செயலாளர், முதல்வர், துறைத்தலைவர். அப்புறம் நெறியாளருக்கு ஒரு நீண்ட பத்தி. அதில் "தந்தையினும் மேலாக" என்ற சொல் கட்டாயம் வரும். பிறகு பெற்றோர், மனைவி, குழந்தைகள். ஆகக் கடைசியில், "இவ்வாய்வேட்டினை அழகுறத் தட்டச்சு செய்து தந்த" என்று நான். நாற்பது வருஷமாக நான் அந்தக் கடைசி வரியில்தான் குடியிருக்கிறேன். ஒரே ஒரு முறை ஒருவர் பதிவாளரை முதல்வருக்குக் கீழே போட்டுவிட்டார். பைண்டிங் முடிந்து வந்த ஐந்து பிரதிகளையும் பிரித்து அந்தப் பக்கத்தை மட்டும் மாற்றினோம். உள்ளே ஓர் அட்டவணை தலைகீழாக இருந்தது, அதை யாரும் கேட்கவில்லை.

1987இல் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து கோத்தகிரியில் தங்கியிருந்த ஒரு விரிவுரையாளர் ஒரு கையெழுத்துப் படியோடு வந்தார். நம்மூரில் நெறியாளர் என்று போடுகிற இடத்தில் அவர் மேற்பார்வையாளர் என்று எழுதியிருந்தார். முனைவருக்குக் கலாநிதி. துணைநூற்பட்டியலுக்கு உசாத்துணை. பதினைந்து வயது வரை அந்தத் தமிழைக் கேட்டு வளர்ந்த நானே, இங்கே பழகிய கையாக, எல்லாவற்றையும் பிழை என்று எண்ணித் திருத்தி அடித்துக் கொடுத்துவிட்டேன். மனிதர் கோபப்படவில்லை. பென்சிலால் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டார். அவருடைய நன்றியுரை முக்கால் பக்கம்தான். நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுத்தவரிடம் தொடங்கியது. நடுவில் ஒரு வரி: தம் முடிவுகளை ஏற்காமல் கடைசி வரை வாதாடிய நண்பர் ஒருவருக்கு நன்றி சொல்லியிருந்தார். அப்படி ஒரு வரியை அதற்கு முன்னும் பின்னும் நான் அடித்ததே இல்லை. அது அந்த ஊர் வழக்கமா, அந்த ஒரு மனிதரின் குணமா? முப்பத்தெட்டு வருஷமாக எனக்குள் இருக்கிற கேள்வி இது.

இந்தக் கேள்வியைத்தான் சுவர் முன்னால் நின்ற அந்தப் பெண் ஆராய்ச்சியாக எடுத்திருக்கிறாள்.

அவளுக்கு 27 வயது. எங்களைப் போலவே சிலோன்காரக் குடும்பம். பாட்டன் காலத்தில் வந்தவர்கள். அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறார். பெண் குன்னூரிலும் ஊட்டியிலும் படித்து, இப்போது கோவையில் முழுநேர ஆய்வாளர். ஜே.ஆர்.எஃப். என்ற ஒன்றிய அரசின் ஆய்வு உதவித்தொகை மயிரிழையில் போயிற்று. கிடைத்திருந்தால் மாதம் 37,000 ரூபாய் வந்திருக்கும். கிடைக்காததால் சாயங்காலம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். வாரம் இரண்டு தடவை மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்கு இறங்கி ஏறுகிறாள். பர்லியாறு வளைவுகளில் இன்றைக்கும் வாந்தி வரும், ஆனால் கையில் புத்தகம் இருக்கும். எப்படிப் படிக்கிறாளோ!

ஒரே மொழி பேசுகிற இரண்டு நாடுகளில் ஒருவர் எப்படி முனைவர் ஆகிறார், எப்படிக் கலாநிதி ஆகிறார் என்பதுதான் அவள் ஆய்வு. கருத்தரங்கில் யார் முதலில் பேசுகிறார்? ஆசிரியர் சொன்னது தப்பு என்று மாணவர் எந்தச் சொல்லில் சொல்கிறார், அல்லது சொல்லாமல் விடுகிறார்? கட்டுரையில் யார் பெயர் முன்னால் வருகிறது? அத்தியாயத்தைத் திருத்தித் தருவது எத்தனை நாளில், எந்த மையில்? வைவா என்ற வாய்மொழித் தேர்வு அன்று சாப்பாட்டுச் செலவு யாருடையது? நன்றியுரையில் யார் எத்தனையாவது வரி? இதையெல்லாம் இங்கிருந்து பார்த்துவிட்டாள். ஆறு மாதம் இலங்கையில், கண்டிப் பக்கத்துப் பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அங்கே உட்கார இடம் தருகிறோம் என்று ஒரு துறையிலிருந்து கடிதமும் வந்துவிட்டது. பணம் மட்டும் பாக்கி.

நிதி வழங்கும் ஓர் அமைப்பின் நேர்காணலுக்குப் போனாள். பெயர் வேண்டாம். அங்கே அவளிடம் மூன்று விஷயம் சொன்னார்களாம். ஆராய்ச்சியைப் பற்றியே ஓர் ஆராய்ச்சியா என்று சிரித்தார்களாம். நீ தோட்டத்துப் பெண், தேயிலைத் தொழிலாளர் வாழ்க்கையை எடு, உடனே கிடைக்கும் என்றார்களாம். வெளிநாடு என்றால் லண்டன், ஜெர்மனி என்று போகாமல் யாராவது சிலோனுக்குப் போவார்களா என்றார்களாம். அவள் பதில் சொல்லாமல் வந்துவிட்டாள். நான் சொல்கிறேன்.

முதல் விஷயம். இப்படி ஓர் ஆராய்ச்சி உலகத்தில் புதிதில்லை. ஷாரன் டிராவீக் என்ற அமெரிக்க மானிடவியலாளர், அமெரிக்காவிலும் ஜப்பானிலும் உள்ள பெரிய இயற்பியல் ஆய்வுக்கூடங்களில் போய் இருந்து, அந்த விஞ்ஞானிகள் எப்படிச் சண்டை போடுகிறார்கள், சீடர்களை எப்படி வளர்க்கிறார்கள் என்று எழுதி, அது 1988இல் புத்தகமாக வந்தது. வெகுதூரம் ஏன்? நம் ஊட்டியிலேயே காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடத்தில் இந்தியர்களும் ஜப்பானியர்களும் சேர்ந்து பல வருஷமாக வேலை செய்கிறார்கள். மியூவான் என்ற நுண்துகளை எண்ணுகிற கருவிக்குப் பணம் இருக்கிறது, இருக்கட்டும். எண்ணுகிறவர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பழகுகிறார்கள் என்று பார்க்க ஒரு பெண்ணுக்கு ஆறு மாதச் சாப்பாட்டுச் செலவு கொடுப்பதில் என்ன கெட்டுப்போகும்?

அவள் படித்துவிட்டு வந்து எனக்குச் சொன்ன கதைகள் சுவையானவை. ஜெர்மனியில் நெறியாளரை 'முனைவர்த் தந்தை' என்கிற பொருளில் ஒரு சொல்லால் அழைப்பது வழக்கமாம். நம்முடைய "தந்தையினும் மேலாக" அங்கேயும் இருக்கிறது பாருங்கள்! இங்கிலாந்தில் வைவா மூடிய அறைக்குள். நம்மூரில் சுற்றறிக்கை விட்டுப் பொதுவில் நடக்கிறது. ஆனால் அந்தப் பொதுமக்களில் எவராவது உண்மையில் ஒரு கேள்வி கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. நெதர்லாந்தில் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒருவர் கோலோடு உள்ளே வந்து, நேரம் ஆயிற்று என்று லத்தீனில் சொல்வாராம். பாதிப் பதிலோடு நிறுத்த வேண்டியதுதான். பின்லாந்தில் பட்டமளிப்பு விழாவில் தொப்பியும் வாளும். சுவீடன், நார்வே பக்கம் ஆய்வு மாணவரைப் பெரும்பாலும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டு மாதச் சம்பளமே போடுகிறார்கள்.

சம்பளம் என்றதும் ஒரு விஷயம். தமிழ்நாட்டில் இந்தப் பணத்துக்கு உதவித்தொகை என்று பேர். முதியோருக்கும் ஆதரவற்றோருக்கும் கொடுப்பதற்கும் அதே பேர்தான். இலங்கையில் இதைப் புலமைப்பரிசில் என்பார்கள். நான் தோட்டத்துப் பள்ளியில் படித்த காலத்தில் ஐந்தாம் வகுப்பில் அந்தப் பேரில் ஒரு பரீட்சை உண்டு. எங்கள் பள்ளியில் ஒருவரும் தேறியதில்லை, ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டாலே முதுகு நிமிரும். உதவித்தொகை வாங்கப் போகிறவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். நேர்காணலில் அவள் பதில் பேசாமல் வந்ததற்கு இந்தச் சொல்லும் ஒரு காரணமாக இருக்குமோ என்று எனக்குத் தோன்றுகிறது. இதுவும் அவள் ஆராய வேண்டியதுதான்.

இரண்டாவது விஷயத்தில்தான் எனக்குக் கோபம். தோட்டத்துப் பெண் தோட்டத்தைப் பற்றித்தான் எழுத வேண்டுமா? கேம்பிரிட்ஜிலிருந்து ரிவர்ஸ் என்ற மானிடவியலாளர் 1901இல் இந்த மலைக்கு ஏறி வந்து தோடர்களைப் பற்றி ஆராய்ந்தார். 1906இல் புத்தகம் போட்டார். எமனோ என்ற மொழியியலாளர் 1935இல் இந்தியா வந்து மூன்று வருஷம் இருந்து, கோத்தரிடமும் தோடரிடமும் உட்கார்ந்து மொழியும் பாட்டும் கேட்டு எழுதிக்கொண்டு போனார். நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. அவர் எழுதி வைத்திராவிட்டால் எத்தனையோ பாட்டு போயிருக்கும். ஆனால் அவர்களிடம் யாரும், நீ உன் ஊர்க்காரர்களை ஆராயப் போ என்று சொல்லவில்லை. நூற்றிருபது வருஷமாக இந்த மலைக்கு ஆராய்ச்சிப் பணம் ஏறி வந்துகொண்டே இருக்கிறது. ஒரு முறை இறங்கட்டுமே. பேராசிரியர்களும் ஒரு குடிதான், அவர்களுக்கும் சடங்கு உண்டு, விலக்கு உண்டு, யார் யார் முன்னால் உட்காரக் கூடாது என்ற கட்டு உண்டு. தட்டச்சுக்காரிக்கு அது நன்றாகவே தெரியும்.

இதில் இன்னொரு கூத்து. ஒன்றிய அரசு பட்டியலினத்தவர் உள்ளிட்டோருக்குக் கொடுக்கும் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடம். 2022இல் அதன் விதியில் ஒரு வரி சேர்த்தார்கள்: இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்குக் கிடையாது. இங்கே நேர்காணலில் இருந்தவர்கள் உன் சனத்தைத் தவிர வேறு எதையும் தொடாதே என்கிறார்கள். அந்த விதியோ வெளியே போனால் உன் சனத்தைத் தொடாதே என்கிறது. பாதி இந்தியா, பாதி இலங்கை என்றிருக்கும் இவள் ஆய்வு எந்தப் பக்கம் நிற்கும்? போதாததற்கு, போகிற பல்கலைக்கழகம் உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் இருக்க வேண்டும். அதில் பேராதனை வராது. தவிர, அது அங்கேயே சேர்ந்து பட்டம் படிக்கப் போகிறவர்களுக்கான திட்டம். இங்கே பதிவு செய்துவிட்டு ஆறு மாதம் போய்ப் பார்த்து வருகிறவளுக்கு அதில் கதவே இல்லை. பழங்குடியினருக்குத் தனியாக உள்ள திட்டத்தில் நாடு முழுமைக்கும் 20 இடம். அதில் தொன்மைப் பழங்குடிகளுக்கு மூன்று. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று நம் ஒரு மாவட்டத்திலேயே ஆறு தொன்மைப் பழங்குடிகள் இருக்கிறார்கள். மூன்றை ஆறால் வகுக்கச் சொல்லி என் டைப்பிங் பிள்ளைகளிடம் கேட்டால் சிரிக்கிறார்கள்.

மூன்றாவது, சிலோனுக்கா என்ற கேள்வி. சுவரில் ஒட்டியிருப்பதை வரிசையாகப் பார்த்தேன். ஃபுல்பிரைட் – நேரு அமெரிக்காவுக்கு. சாஸ்திரி நிறுவனம் கனடாவுக்கு. டாட் என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு ஜெர்மனிக்கு. சார்லஸ் வாலஸ் இங்கிலாந்துக்கு. கொடுக்கிறவர் எந்த ஊரோ அந்த ஊருக்கு வழி. அதில் ஃபுல்பிரைட் – நேரு முனைவர் ஆய்வுத் திட்டம் இவளுக்கென்றே தைத்த சட்டை போல இருக்கிறது: இந்தியாவில் பதிவு செய்த ஆய்வாளர் ஆறிலிருந்து ஒன்பது மாதம் போய் இருந்துவிட்டு வரலாம். 1950இல் இரண்டு அரசும் கையெழுத்துப் போட்டுத் தொடங்கியது. 2008இல் நேரு பெயரும் சேர்ந்து, செலவை இரு அரசும் பங்கு போடுகின்றன. சட்டை சரி, அளவும் சரி, அமெரிக்காவில் மட்டும்தான் போட்டுக்கொள்ளலாம். இலங்கை மாணவர்கள் இங்கே வந்து படிக்க இந்தியக் கலாச்சார உறவுக் கழகம் பணம் தருகிறது. நல்லது. அதே பாதையில் இங்கிருந்து ஒரு ஆள் போனால் என்ன?

தமிழ்ப் படிப்பே அந்தக் கடலைக் குறுக்கும் நெடுக்குமாகத் தாண்டி வளர்ந்ததுதானே. மட்டக்களப்புப் பக்கத்து விபுலாநந்தர் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். தனிநாயகம் அடிகள் அண்ணாமலையில் படித்து, இலங்கையிலும் மலாயாவிலும் கற்பித்தார். இலங்கைத் தமிழறிஞர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும் பர்மிங்காமில் ஜார்ஜ் தாம்சன் என்ற கிரேக்க அறிஞரிடம் போய்ச் சங்கத்தமிழை ஆராய்ந்தார்கள். கிரேக்கம் படித்தவர் கையில் வளர்ந்த தமிழ் ஆராய்ச்சிக்கும் சிதம்பரத்து அண்ணாமலையில் வளர்ந்த தமிழ் ஆராய்ச்சிக்கும் கேள்வி கேட்கும் முறை ஒன்றாகவா இருக்கும்? மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் தொடங்கி, இப்போது கோலாலம்பூரில் இருக்கும் இந்திய ஆய்வியல் துறையில் இன்னொரு மாதிரி இருக்கலாம். இதைப் போய்ப் பார்த்து எழுதத் தமிழ் தெரிந்த ஆள்தானே வேண்டும்?

நான் கேட்பது பெரிய தொகையில்லை. நானும் அவளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல், கண்டியில் ஒரு அறை, யாழ்ப்பாணத்தில் தெரிந்தவர் வீடு, சாப்பாடு, ஒலிப்பதிவுக் கருவி. ஜே.ஆர்.எஃப். வாங்கும் ஒருவருக்கு ஆறு மாதத்தில் கிடைக்கும் 2,22,000 ரூபாய்க்குள் அடங்குகிறது. தமிழக அரசோ, நம் பல்கலைக்கழகங்கள் சேர்ந்தோ, இங்கே பதிவு செய்த ஆய்வாளர்கள் இலங்கை, மலேசியா, சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களில் ஆறு மாதம் இருந்து வர வருஷத்துக்குப் பத்துப் பேருக்குக் கொடுத்தாலே போதும். தரவரிசை எண்ணைப் பார்க்காமல், உட்கார வைக்கிறோம் என்று அங்கிருக்கும் ஒரு ஆசிரியர் எழுதித் தந்த கடிதத்தைப் பார்த்துக் கொடுக்கட்டும்.

ஒன்று முக்கியம்: பணத்தை முன்னால் கொடுக்க வேண்டும். நீ செலவு செய், ரசீது கொண்டுவா, பிறகு தருகிறோம் என்பது வீட்டில் பணம் உள்ளவர்களுக்குச் செய்த ஏற்பாடு. என்னிடம் பில்லுக்கு அட்டவணை அடிக்க வரும் ஆய்வாளர்களைப் பார்க்கிறேனே. ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் கழித்துப் பணம் வருகிறது. அதற்குள் ரசீதில் மை அழிந்துவிடுகிறது. அழிந்த ரசீதுக்கு மேல் பால்பாயின்ட் பேனாவால் தடவிக் கொடு என்று ஓர் அலுவலகத்தில் சொன்னார்களாம். கொழுந்து கிலோவுக்கு என்ன விலை போகிறது என்று அன்றாடம் பார்த்து அடுப்பு மூட்டுகிற வீட்டில், ரெண்டு லட்சத்தை யார் எடுத்து முன்னால் வைப்பது?

என் சேமிப்பிலிருந்து கொடுக்கிறேன், போய் வா என்று சொல்லிப் பார்த்தேன். "அப்புறம் நன்றியுரையில உங்கள முதல் வரியில போடணும் டீச்சர், துணைவேந்தர் எங்க போவார்?" என்று சிரித்து மறுத்துவிட்டாள்.

மார்ச் மாதம் வேறோர் அமைப்புக்கு விண்ணப்பிக்கிறாள். அந்தப் படிவத்தில் ஆய்வு நடைபெறும் நாடு என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. இரண்டு நாட்டின் பேர் எழுத இடமில்லை. தனித் தாளில் அடித்து ஒட்டித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
டைப்பிங் டீச்சர்,
பெட்போர்டு, குன்னூர், நீலகிரி மாவட்டம்.